நிக்கோடமஸ்: ரயில் வராத ஊரைக் காலி செய்தது எது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், புல்வெளிக்கு நடுவே நிக்கோடமஸ் என்று ஓர் ஊர். பத்துப் பதினைந்து பேர்தான் குடியிருக்கிறார்கள். ஆனாலும் தேசிய வரலாற்றுத் தலம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ரயில் பாதை ஊரை விட்டு விலகிப் போனதால் ஊர் அழிந்தது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அது சரிதானா? இப்போது அங்கே என்னதான் மிச்சம்?"

ரயில் கதை பாதிதான் சரி. ரயில் விலகிப் போனதில் கடைத்தெரு போயிற்று. ஊர் போகவில்லை. இன்றும் நிற்கிற ஐந்து பழைய கட்டடங்கள் எப்போது கட்டப்பட்டவை என்று பார்த்தாலே இது புரிந்துவிடும். செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல் 1880, ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயம் 1885, பாப்டிஸ்ட் தேவாலயம் 1907, பள்ளிக்கூடம் 1918, ஊர் மன்றம் 1939. ரயில் கைவிட்டது 1888இல். ஐந்தில் மூன்று அதற்குப் பிறகு எழுந்தவை. செத்துப்போன ஊர் முப்பது வருஷம் கழித்துப் பள்ளிக்கூடம் கட்டுமா? ஆகவே ஊரைக் காலி செய்தது எது என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். அதற்கு முதலில் இந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்று சொல்லியாக வேண்டும்.

1877ஆம் வருஷம். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தென் மாநிலங்களில் காவலுக்கு நின்ற மத்திய அரசின் படைகள் அந்த வருஷத்தோடு விலகிக்கொண்டன. கறுப்பின மக்களுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த பாதுகாப்பும் அதோடு போயிற்று. நிக்கோடமஸுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கென்டகி மாநிலத்தின் ஜார்ஜ்டவுன், லெக்சிங்டன் பக்கத்து ஆட்கள். கென்டகி உள்நாட்டுப் போரில் பிரிந்து போகாத மாநிலம். அதனாலேயே லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லுபடியாகவில்லை. 1865 டிசம்பரில் அரசியல் சட்டம் திருத்தப்படும் வரை அங்கே அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். விடுதலை கிடைத்த பிறகும் உழுத நிலம் பழைய எஜமானுடையது. வாரத்துக்கு உழுவதும், அறுவடை முடிந்ததும் கடன் கணக்குப் பார்ப்பதும், மறுபடியும் கடனிலேயே நிற்பதும்தான் பிழைப்பு.

இந்த நேரத்தில் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும், இன்னும் சிலரும் சேர்ந்து ஏப்ரல் மாதம் 'நிக்கோடமஸ் நகர நிறுவனம்' ஒன்றைப் பதிவு செய்தார்கள். கென்டகியின் தேவாலயங்களில் ஹில் பேசினார். கேன்சஸில் மண் வளமானது, வேட்டைக்கு மிருகம் ஏராளம், பிடித்துப் பழக்கக் காட்டுக் குதிரைகள் உண்டு என்றார். லெக்சிங்டனில் ஒட்டிய துண்டறிக்கை, கேன்சஸுக்குப் போக விரும்பும் கறுப்பினத்தவர் செப்டம்பர் 5ஆம் தேதி ஐந்து டாலரில் புறப்படலாம் என்றது. 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, சிறு பதிவுக் கட்டணம் கட்டி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். ஆள் கறுப்பா வெள்ளையா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. வாரத்துக்கு உழுதவனிடம் நூற்றறுபது ஏக்கர் பட்டா என்று சொன்னால் அவன் மூட்டை கட்டாமல் என்ன செய்வான்?

அந்த செப்டம்பரில் முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். ரயில் எல்லிஸ் என்ற ஊரோடு சரி. அங்கிருந்து வடக்கே ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோமீட்டர் நடந்தோ வண்டியிலோ போக வேண்டும். பாதை கிடையாது, மரம் கிடையாது, அடையாளம் சொல்ல ஒரு குன்று கிடையாது. அடுத்த வசந்தத்தில் வந்த குழுவில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண் இருந்தார். அவர் பிற்காலத்தில் சொல்லிவைத்தது இந்த ஊரைப் பற்றி எழுதுகிற யாரும் விடாமல் சொல்கிற செய்தி, நானும் விடப்போவதில்லை. எல்லிஸில் தங்கியிருந்தபோதே குழந்தைகளுக்கு மணல்வாரி அம்மை கண்டு சில குழந்தைகள் இறந்துபோயின. பிறகு திசைகாட்டியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பயணம். கடைசியில் ஆண்கள் "அதோ நிக்கோடமஸ்" என்று கத்துகிறார்கள். உடம்பு முடியாமல் வந்த அந்த அம்மாள் கண்ணை அகல விரித்துப் பார்க்கிறார். எதுவும் தெரியவில்லை. எங்கே என்று கேட்கிறார். கணவர் கை நீட்டிக் காட்டுகிறார்: தரையிலிருந்து அங்கங்கே புகை வருகிறதே, அதுதான். குடும்பங்கள் மண்ணுக்குள் வாழ்ந்துகொண்டிருந்தன. அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

மண்ணுக்குள் என்றால் சொல்லுக்குச் சொல் மண்ணுக்குள்தான். மேட்டுச் சரிவைக் குடைந்து ஓர் அறை. உள்ளே ஒரு மூலையில் அடுப்பு, புகை போக ஓட்டை. மேலே ஓடைக்கரையில் கிடைத்த வில்லோக் கழிகளைப் பரப்பி, அதன்மேல் சருகும் புதரும், அதன்மேல் வேரோடு வெட்டிய புல்கட்டிகள். மழை நின்ற பிறகும் உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும். சில நேரம் கூரையிலிருந்து பாம்பு விழும். விறகுக்கு மரம் இல்லாததால் காய்ந்த சூரியகாந்தித் தண்டும் காட்டெருமைச் சாணமும்தான் எரிபொருள். (எருவாட்டி தட்டிப் பழகிய நமக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை, கென்டகிக் காட்டோரத்திலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய இறக்கம்.) அப்படி ஒரு குழிக்குள்தான் அக்டோபர் மாதம் ஊரின் முதல் குழந்தை, ஹென்றி வில்லியம்ஸ், பிறந்தது.

வந்ததும் அறுபது குடும்பங்கள் போல அப்படியே திரும்பிவிட்டன. ஏமாற்றிவிட்டான் என்று ஹில்லைத் தூக்கில் போடவே தேடினார்கள், அவர் ஒளிந்து தப்பித்தார் என்று ஊரில் வாய்வழியாகச் சொல்லப்படுகிறது. அந்த முதல் குளிர்காலத்தில், வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பதும் அதே போல வழிவழியாக வரும் செய்தி. கேன்சஸின் மற்ற ஊர்களிலிருந்து துணியும் உணவும் நன்கொடையாக வந்தன. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது 1879இல் அவர்கள் எடுத்த முடிவு: இனி நன்கொடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டு, நகர நிறுவனத்தையும் கலைத்துவிட்டார்கள். அப்போதும் ஊரில் உழவுக்குக் குதிரைகள் விரல்விட்டு எண்ணும்படிதான். நூற்றாண்டுகளாக ஏர் பார்க்காத புல்வெளியை, வேர் பின்னிக் கிடந்த தரையை, மண்வெட்டியால் கொத்திப் பயிர் வைத்தார்கள். முதல் வருஷங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழெட்டு ஏக்கர் திருந்தினால் பெரிது. ஆண்கள் ரயில் பாதை வேலைக்குப் போய் மாதக்கணக்கில் வெளியே இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் புல்வெளியில் சிதறிக் கிடந்த காட்டெருமை எலும்புகளைப் பொறுக்கி வண்டியேற்றி விற்றார்கள். உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் அதை டன் கணக்கில் வாங்க ஆள் இருந்தது.

பத்து வருஷத்தில் ஊர் நிமிர்ந்தது. சக்கரி ஃப்ளெச்சர் முதல் அஞ்சல் அதிகாரி. அவர் மனைவி ஜென்னி முதல் ஆசிரியை. ஹோட்டல் அவர்களுடையதுதான். ஊர் அடங்கிய கிரஹாம் கவுன்டி (நம்மூர் மாவட்டம் போல) முழுவதிலும் முதலில் அமைந்த பள்ளி வட்டாரம் நிக்கோடமஸுடையது. 'எண் 1' என்று அதன் பெயரிலேயே இருக்கிறது. வெள்ளைக்கார ஊர்களுக்கு முன்னால் பள்ளி திறந்த ஊர். 1880களில் இரண்டு செய்தித்தாள்கள் வெளிவந்தன: வெஸ்டர்ன் சைக்ளோன், நிக்கோடமஸ் என்டர்பிரைஸ். சில நூறு பேர் வாழும் இடத்தில் போட்டிக்கு இரண்டு பத்திரிகை! இங்கே வந்து குடியேறிய எட்வர்ட் மெக்கேப், முதலில் கவுன்டி எழுத்தராக இருந்து, 1882இல் கேன்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1884இல் மறுபடியும் வென்றார். தென் மாநிலங்களுக்கு வெளியே ஒரு கறுப்பினத்தவர் மாநிலம் தழுவிய பதவிக்குத் தேர்தலில் வந்தது அதுவே முதல் முறை. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இனி ரயிலுக்கு வருவோம். அந்தக் காலத்தில் புல்வெளியில் நிலையம் எங்கேயோ அங்கேதான் தானியக் கிடங்கு, அங்கேதான் மர வியாபாரி, அங்கேதான் வங்கி. கோதுமையைக் குதிரை வண்டியில் ஒரே நாளில் கொண்டுபோய்த் திரும்பும் தூரம்தான் ஒரு ஊரின் வட்டம். எனவே ஒவ்வொரு சிற்றூரும் ரயில் கம்பெனி வாசலில் தவம் கிடந்தது. கம்பெனிகளும் ஊருக்கு ஊர் ஏலம் விட்டன. 1887 மார்ச்சில் நிக்கோடமஸ் வட்டாரத்து மக்கள் மிசூரி பசிபிக் கம்பெனிக்கு 16,000 டாலர் கடன் பத்திரம் தர வாக்களித்தார்கள். கம்பெனி பின்வாங்கிவிட்டது. வேறொரு பாதை வந்தது. ஆனால் அது சாலமன் ஆற்றின் தென் கரையோடு, ஊரிலிருந்து சில மைல் தள்ளிப் போயிற்று. அந்தப் பாதையில் போக் என்ற புதிய ஊர் முளைத்தது. நிக்கோடமஸ் வியாபாரிகள் சரக்கை மட்டும் கொண்டுபோகவில்லை. சிலர் மரக் கட்டடத்தையே பெயர்த்து இழுத்துப் போனார்கள். 1888 முடிவதற்குள் கடைத்தெரு காலி. கறுப்பர் ஊர் என்பதால்தான் கம்பெனி ஒதுக்கியதா என்று கேட்பீர்கள். அப்படி நினைக்க இடமிருக்கிறது. ஆனால் வெள்ளைக்கார ஊர்கள் நூற்றுக்கணக்கில் இதே மாதிரி ஏமாந்தன என்பதும் உண்மை. இந்தக் கம்பெனிகளுக்குத் தெரிந்தது லாபம் ஒன்றுதான்.

கடைக்காரன் போனான், உழவன் எங்கே போவான்? அவன் பெயரில் 160 ஏக்கர் பட்டா இருந்தது. அவன் பாட்டன் விற்கப்பட்ட பொருள். அவனோ நிலத்துக்குச் சொந்தக்காரன். அதனால் கோதுமையை போக் நிலையத்துக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நிக்கோடமஸ் தேவாலயத்துக்கு வந்தான். 1907இல் பாப்டிஸ்ட் தேவாலயத்தைப் புதிதாகக் கட்டினார்கள். 1918இல் பள்ளியைக் கட்டினார்கள். நிக்கோடமஸ் ப்ளூஸ் என்று பேஸ்பால் அணி வைத்துச் சுற்று வட்டாரத்தோடு மோதினார்கள். முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறியபோது கையில் காசும் புரண்டது.

ஊரை உண்மையில் அடித்தது அதற்குப் பிறகு வந்தவைதான். நிக்கோடமஸ் நூறாவது தீர்க்கரேகைக்கு அருகில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேற்கே மழையை நம்பி வெள்ளாமை செய்ய முடியாது என்று அமெரிக்காவில் பொதுவாகச் சொல்வார்கள். வருஷத்துக்கு ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது மில்லிமீட்டர் மழை. அதுவும் வந்தால் உண்டு. நம்மூரில் 160 ஏக்கர் வைத்திருப்பவர் பண்ணையார். அந்த மண்ணில் அது ஒரு குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றப் போதாது. கிழக்கு மாநிலங்களின் ஈர மண்ணை மனத்தில் வைத்து வாஷிங்டனில் போட்ட கணக்கு அது. 1920களில் கோதுமை விலை சரிந்தது. 1929க்குப் பிறகு மொத்தமாக விழுந்தது. 1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் சேர்ந்துகொண்டன. புல்லின் வேர்தான் அந்த மண்ணைப் பிடித்துவைத்திருந்தது. அதை ஏர் கிழித்துவிட்டதால் காற்று வாரிக்கொண்டு போயிற்று. 1935இல் ஊரில் 76 பேர். அந்தப் பஞ்ச காலத்தில்தான் மத்திய அரசின் நிவாரண வேலைத் திட்டத்தில் உள்ளூர்ச் சுண்ணக் கல்லால் ஊர் மன்றத்தைக் கட்டினார்கள். வேலைக்குக் கூலி என்பதற்காகக் கட்டியது இன்று ஊரின் முகமாக நிற்கிறது.

அதன்பின் டிராக்டரும் பெரிய அறுவடை எந்திரங்களும் வந்தன. பத்துக் குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழலாம். எந்திரம் வாங்கக் கடன் வேண்டும். கடன் கொடுக்கும் இடத்தில் நிறம் பார்த்தார்கள். இது வெறும் புலம்பல் இல்லை. அமெரிக்க விவசாயத் துறை கடன் தருவதில் கறுப்பின விவசாயிகளுக்குப் பாகுபாடு காட்டியது என்று நாடு தழுவிய வழக்கு நடந்து, 1999இல் அரசு சமரசத்துக்கு வந்தது. தகுதி பெற்ற விவசாயிக்கு 50,000 டாலர் என்பது அதன் வழக்கமான தொகை. ஆனால் அதற்குள் நிலம் கைமாறிப் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் டென்வருக்கும் டொபீகாவுக்கும் கலிஃபோர்னியாவின் பாசடீனாவுக்கும் வேலை தேடிப் போனார்கள். 1950இல் ஊரில் பதினாறு பேர். 1953இல் அஞ்சல் நிலையத்தை மூடினார்கள்.

ரயில்தான் காரணம் என்பவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கட்டும். ரயில் கிடைத்த போக் என்ன ஆயிற்று? இன்று அங்கே இருப்பவர்கள் ஏறக்குறைய நூற்றைம்பது பேர். 1910இல் எட்டாயிரத்துக்கு மேல் இருந்த கிரஹாம் கவுன்டியின் மக்கள்தொகை 2020இல் இரண்டாயிரத்து நானூறு அளவுக்கு வந்துவிட்டது. வெள்ளைக்கார ஊர், கறுப்பர் ஊர், ரயில் ஊர், ரயில் இல்லாத ஊர் என்று பாராமல் புல்வெளி முழுக்கவே காலியானது. நிக்கோடமஸ் அதில் முன்கூட்டியே அடிபட்ட ஊர், அவ்வளவுதான்.

மற்ற ஊர்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், போனவர்கள் விடவில்லை என்பதில் இருக்கிறது. வருஷா வருஷம் ஜூலைக் கடைசி வாரத்தில் ஊர்த் திருவிழா மாதிரி ஒன்று நடக்கிறது. 1878இலிருந்து நடந்துவருவதாகச் சொல்கிறார்கள். வழிவந்த குடும்பங்கள் நாலா திசையிலிருந்தும் நூற்றுக்கணக்கில் வந்து கூடுகின்றன. ஊர்வலம், விருந்து, ஞாயிறு வழிபாடு. தொடக்கத்தில் இது விடுதலை நாள் விழா. நாள் ஆகஸ்ட் 1. அந்தத் தேதி அமெரிக்க விடுதலையைக் குறிப்பதல்ல. 1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததைக் கொண்டாடும் நாள். நமக்கும் அதில் ஒரு நூலிழை உண்டு: அந்தச் சட்டத்தால் கரும்புத் தோட்டங்களில் ஆள் குறைந்ததால்தான் மொரீசியஸ் முதலான இடங்களுக்குத் தமிழரும் போஜ்புரிக்காரரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஒரு சாரார் கொண்டாடிய தேதி இன்னொரு சாராரைக் கடலில் இறக்கியது.

1976இல் ஊருக்குத் தேசிய வரலாற்று அடையாளம் என்ற தகுதி கிடைத்தது. 1996 நவம்பரில் அது தேசிய வரலாற்றுத் தலமாகி, தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது. அதற்கு வாஷிங்டன் வரை அலைந்தவர்கள் ஊர்ச் சந்ததியினர்தான். 1988இல் நிக்கோடமஸ் வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கிய ஆஞ்சலா பேட்ஸ் அவர்களில் முக்கியமானவர். ஊரில் பிறந்து புகழ்பெற்றவர் என்றால் வெரில் ஸ்விட்சர். 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி தேர்வுச் சுற்றில் நாலாவது ஆளாக எடுத்த வீரர். பிற்காலத்தில் கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொறுப்பில் இருந்தார், ஊரில் இருந்த நிலத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டார். 2022இல் காலமானார்.

நிலத்தில் இன்றும் கோதுமைதான் முக்கியம். 1999இல் நிக்கோடமஸை மையமாக வைத்துக் கேன்சஸ் கறுப்பின விவசாயிகள் சங்கம் அமைந்தது. எத்தியோப்பியாவின் சிறுதானியமான டெஃப் பயிரிட்டுப் பார்த்தார்கள். நம் கேழ்வரகைவிடப் பல மடங்கு பொடியான தானியம், வறட்சி தாங்கும். அதனால் ஊர் மறுபடி நிரம்பும் என்று நான் நம்பவில்லை. எந்திரம் உழுகிற மண்ணுக்கு ஆள் தேவையில்லை; பள்ளியும் மருத்துவமும் இல்லாத இடத்துக்கு இளம் குடும்பம் வராது. 2020 கணக்கெடுப்பில் 14 பேர். இந்த எண்ணிக்கை இருபதாகலாம், பத்தாகலாம், ஐந்நூறு ஆகாது.

நேரில் போவதாக இருந்தால், நெடுஞ்சாலை 24 ஊரை ஒட்டியே போகிறது. ஊர் மன்றத்தில்தான் பார்வையாளர் மையம். முதலில் அங்கே போனால் ஊழியர்கள் எந்தக் கட்டடம் திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். ஐந்தில் மெதடிஸ்ட் தேவாலயம்தான் பூங்காத் துறைக்குச் சொந்தம். மற்றவற்றில் சிலவற்றை வெளியே நின்றுதான் பார்க்க முடியும். பழைய ஹோட்டல் உட்பட. கூட்டத்தோடு பார்க்க விரும்பினால் ஜூலைக் கடைசி. பெட்ரோல், சாப்பாடு இரண்டையும் கிழக்கே ஸ்டாக்டனிலோ மேற்கே இருபது கிலோமீட்டரில் உள்ள கவுன்டித் தலைநகரிலோ முடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைநகரின் பெயர் ஹில் சிட்டி. ஆமாம், தூக்கில் போடத் தேடினார்களே, அதே ஹில்லின் பெயர்தான்.